உள்ளே போன குழாய்

டாக்டர் இன்னும் தொடவே இல்லை. அதற்குள் மாயம்மாளின் வலது தொடையிடுக்கில் ஏதோ சில்லென்று ஊர்ந்து நின்றது.

"குத்தியாச்சா சாரே?"

"மரப்பு ஊசியே இன்னும் போடலியேம்மா" என்றார் டாக்டர் வைத்தீஸ்வரன். பாலக்காட்டுக்காரர். தமிழ் பேசுகிறவர் என்பதாலேயே அவரை நம்பி, காலைப் படகில் மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளத்துக்கு அவளை அழைத்து வந்திருந்தான் கணவன் காளிமுத்து. இரண்டு வருடமாக அவளுக்கு மூச்சு வாங்கிற்று. வேலை செய்யும் சுக்குக் கிட்டங்கியில் ஒரு முறம் புடைப்பதற்குள் உட்கார்ந்துவிடுவாள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறதாம். தொடை வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தி அளந்து பார்த்தால்தான் ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல முடியுமாம். மூன்று வயதுப் பெண்ணைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஜன்னலில்லாத அந்த அறையில் ஸ்பிரிட் வாடையும் சூடேறிய எந்திரத்தின் ரப்பர் வாடையும் குளிரில் உறைந்து நிற்க, தலைக்கு மேலே ஏதோ ஓயாமல் முனக, இரண்டு கைகளும் துணிப்பட்டையால் மேஜையோடு கட்டப்பட்டு அவள் மல்லாந்து கிடந்தாள்.

"பேடிக்கண்டா சேச்சி. அனங்காம கெடந்தா மதி" என்று, பயப்படாமல் அசையாமல் கிடக்கச் சொல்லி நர்ஸ் கமலாக்ஷி நெற்றியைத் தடவினாள்.

"குழாய் போறதே தெரியாது. ரத்தக்குழாய்க்குள்ளே உணர்ச்சி கிடையாதும்மா" என்றார் டாக்டர்.

ஊசி சுருக்கென்றது. பிறகு ஓர் அழுத்தம். பக்கத்து எக்ஸ்ரே திரையில், சாம்பல் நிற மூட்டத்துக்குள், கறுப்பு நூல் ஒன்று மேலேறியது.

திரையைப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

"தொப்புளுக்குப் பின்னாடி வந்திருச்சு சாரே."

டாக்டர் சிரித்தபடி திரையைப் பார்த்தார். நுனி அங்கேதான் இருந்தது. அவர் சிரிப்பு நின்றது.

"சும்மா அப்படித் தோணும்."

நூல் இதயத்துக்குள் நுழைந்தது. அவர் எண்களைச் சொல்ல, கமலாக்ஷி எழுதினாள். மூன்றாவது எண்ணைச் சொல்லும்போது கரண்ட் போயிற்று. முனகல் அடங்கியது. கும்மிருட்டு.

"ஜெனரேட்டர் வந்துடும். அசையாதீங்கோ."

அவள் அசையவில்லை. அது அசைந்தது. தெரியாத வீட்டில் கதவைத் தேடுகிறவன்போல, நெஞ்சின் உட்சுவரைத் தடவித் தடவி நகர்ந்தது.

"தள்ளாதீங்க சாரே..."

இருட்டில் டாக்டரின் குரல் மட்டும் வந்தது.

"நான் தள்ளலை. வெளியேன்னா எடுத்துண்டிருக்கேன்."

எஃகுத் தட்டில் ஈரமாக ஏதோ விழுந்தது. பஞ்சை வைத்துத் தொடையை அழுத்தினாள் கமலாக்ஷி.

"எடுத்தாச்சும்மா. முடிஞ்சுது."

முடியவில்லை. உள்ளே இருந்தது. தடவிக்கொண்டிருந்தது. சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கதவுக்கு வெளியே காளிமுத்து இருமுவது கேட்டது. கைப்பட்டையை இழுத்தாள். அவிழவில்லை.

விளக்கு வந்தது.

தட்டில் குழாய் சுருண்டு கிடந்தது. டாக்டர் அதைத் தூக்கி, நீட்டி, இரண்டு நுனிகளையும் பார்த்தார். முழுசாக இருந்தது. காலடியிலிருந்த எக்ஸ்ரே மிதிகட்டையை அழுத்தினார். திரை மெல்ல வெளுத்தது.

"என்றெ ஈஸ்வரா" என்றாள் கமலாக்ஷி.

துடிக்கும் சாம்பல் நிழலின் நடுவே ஒரு கறுப்பு நூல். அது டாக்டரின் கையிலிருந்ததைவிடத் தடிமனாக இருந்தது. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் நுனியைத் தூக்கிற்று. திரும்பிற்று. அவள் தொண்டையை நோக்கி ஏறத் தொடங்கியது.