ஆறாவது கோப்பு

அவள் எண்ணி வைத்தவை ஐந்து கோப்புகள். எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவில் கட்டித்தரும் கம்பைலர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விழுங்கியபோது திரையில் ஆறு பெயர்கள் ஓடின.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆளில்லாத அலுவலகத்தில், ஆறிப்போன காபியும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்து நாறிய அறையில், காலையிலிருந்து அந்த விண்டோஸ் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஸ்கிரிப்ட் மொழியை எந்தக் கம்பைலரில் கட்டினார்களோ அதே பதிப்பில்தான் அதனோடு சேரும் நீட்சி நிரல்களையும் கட்டவேண்டும். பதிப்பில் ஒரு எண் பிசகினாலும் முகத்தில் அறைந்ததுபோல் பிழை வரும். பதினோரு முறை வந்துவிட்டது.

மேலாளர் போனில் அழைத்தார்.

"என்னம்மா, முடிஞ்சுதா? இல்ல, நாளைக்கு உன் மேஜைக்கு வேற ஆள் பாக்கட்டுமா?"

"கட்டுது சார். நாலு எச்சரிக்கை. நான் வைக்காத ஆறாவது கோப்பு ஒண்ணுல, நாலு வரி பயன்படாததுன்னு காட்டுது."

"பயன்படாததை அழிக்கிறதுதானே இங்க பழக்கம்? அந்த மெஷின்லயே அதுக்கு ஸ்கிரிப்ட் இருக்கு. ஓட விடு, தானா அழிச்சுத் தானா கட்டும். நீ யோசிச்சுக் கிழிச்சது போதும்."

"அந்த ஸ்கிரிப்டை எழுதினவர் யாரு சார்? இந்த மேஜையில முன்னாடி இருந்தவரா?"

"அந்த மேஜையில யாரும் இருந்ததில்லையே," என்றார் அவர், நிஜமான குழப்பத்தோடு.

மேஜையில் ஒரு காபிக் கோப்பை இருந்தது. அதன் விளிம்பில் யாருடைய உதட்டுச்சாயமோ, அவளுடையதல்ல.

வேலை போய்விடக்கூடாது. ஓடவிட்டாள்.

'வரி 1, ஏசி இரைச்சல்: பயன்படாதது. அழிக்கப்பட்டது.'

காலையிலிருந்து காதுக்குப் பின்னால் அரைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. இவ்வளவு நேரம் அது இருந்ததே இப்போதுதான் தெரிந்தது.

'வரி 2, கதவு.'

திரும்பினாள். சுவர். வழவழவென்று, நேற்றுப் பூசியதுபோல.

நிறுத்தும் விசைகளை அழுத்தினாள். நிற்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டாள். மகள் எடுத்தாள்.

"அம்மா, எப்ப வருவ? தனியா உக்காந்து போரடிக்குதும்மா."

"கண்ணு, பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிடு. அம்மா ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன்னு..."

'வரி 3, தாய்.'

மறுமுனையில் மகளின் அதே குரல்.

"யார் பேசறீங்க?"

"அம்மாடா. அம்மா."

"எனக்கு அம்மா இல்லையே ஆன்ட்டி." மரியாதையாகத்தான் சொன்னாள். வைத்துவிட்டாள்.

மின்கம்பியைப் பிடுங்க வேண்டும். எட்டிக் கையை நீட்டினாள்.

'வரி 4.'

கை சுவரைத் தொடவில்லை. எதையும் தொடவில்லை.

நாற்காலியில் அவள் சேலை மடிந்து சரிந்தது. கோப்பையின் விளிம்பில் இப்போது இரண்டு சாயங்கள். ஒன்று இன்னும் ஈரம்.

திரையில்: 'எச்சரிக்கைகள் 0.'