வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வாய்

2022 மார்ச் மாதம், டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவின் வடக்கு ஓரத்தில், புதிதாக எழும்பிய வீடுகளுக்கு நடுவே ஐந்து கல்லறைகளை மட்டும் விட்டுவைத்து இரும்புக் கம்பி வேலி போட்டார்கள். அவற்றில் கிடப்பது, பூர்வகுடிகளை விரட்டிய நிலத்தில் வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் குழந்தைகள். 1867இல் வந்த காய்ச்சலில் ஒன்பது நாளில் ஐந்தும் போயின. குளிர்காலம் முடிந்ததும் பெற்றோர் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போய்விட்டார்கள்.

மீனாக்ஷியின் பேக்யார்ட் அந்த வேலியில்தான் முடிந்தது.

நாலு வயது மகள் கயல் லேசில் சாப்பிட மாட்டாள். எடை போதாது என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லியாயிற்று. அதனால் சாயங்காலங்களில் மீனாக்ஷி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தயிர்சாதக் கிண்ணத்தோடு வேலியோரம் நிற்பாள்.

"நீ சாப்பிடலைன்னா அந்தப் பாப்பாவுக்குக் குடுத்துடுவேன்" என்று கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டுவாள். கயல் பதறி வாயைத் திறப்பாள்.

"உனக்கு வேற பசங்களே கெடைக்கலையா?" என்றான் கணவன் சபரி.

"மத்ததெல்லாம் ஸ்விம்மிங், டான்ஸ்னு பிஸி. இதுங்கதான் ஃப்ரீயா இருக்கு."

ஒரு புதன்கிழமை, பக்கத்து வீட்டில் புல்வெட்டும் மெஷின் ஓய்ந்து, வெட்டிய புல்லின் வாசனையும் தயிரின் புளிப்பும் காற்றில் கலந்து நிற்க, வேலியின் நிழல் நீண்டு அவள் பாதத்தைத் தொட்ட நேரத்தில், நீட்டிய கையை இழுத்தபோது விரல்களில் சாதம் இல்லை. தரையிலும் இல்லை. விரல் நுனிகள் ஈரமாக, நக்கி வழித்ததுபோல் இருந்தன.

பயத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது இரக்கம்தான். எத்தனை நாள் பசியோ. இன்னொரு வாய் நீட்டினாள்.

மறுநாளிலிருந்து கயல் அடம்பிடிக்கவில்லை. இட்லி, பருப்புசாதம், நெய், கொடுத்ததெல்லாம் சாப்பிட்டாள். கன்னம் மட்டும் ஒட்டிக்கொண்டே வந்தது.

"அம்மா, ஐம் ஸ்டில் ஹங்ரி."

ஞாயிற்றுக்கிழமை மீனாக்ஷி பின்பக்கக் கண்ணாடிக் கதவைப் பூட்டி, கிச்சனுக்குள் வைத்து ஊட்டினாள். ஃப்ரிட்ஜின் முனகலைத் தவிர சத்தமில்லை. கயல் மென்றாள். தொண்டை அசைந்தது. விழுங்கும் சத்தம் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து வந்தது.

இன்னொரு வாய். மறுபடி அங்கிருந்துதான்.

கண்ணாடியில் மூச்சுப் படிந்த வட்டங்கள். ஐந்து. வெளிப்பக்கம். கடைசி வட்டம் அவள் முழங்கால் உயரத்தில்.

"போதும் கண்ணுங்களா" என்றாள் மீனாக்ஷி. "இது இவளோடது."

வட்டங்கள் பெரிதாயின.

செவ்வாய்க்கிழமை கயலை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டுத் திரவ உணவு செலுத்தினார்கள். வெள்ளிக்கிழமை எடை பார்த்தபோது மேலும் இரண்டு பவுண்டு குறைந்திருந்தது.