பரவை பஸ்ஸைத் தட்டும் கை

காலை வெயிலில் பரவை ஸ்டாப்பில் வந்து இறங்கினார் அதிகாரி சிவக்குமார், காரில். பஸ் நேரங்களைப் போடுகிறவர் பஸ்ஸில் வந்தால் மரியாதை என்ன ஆவது?

சிம்மக்கல் பஸ்ஸை டிரைவர் உக்கிரபாண்டி தினமும் இங்கே தாமதமாக எடுக்கிறார் என்று புகார். இன்றும் காத்து நின்றால் சஸ்பெண்ட் என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

கிராமத்துப் பிள்ளைகளைக் கொண்டுவரும் மினி பஸ் வந்து சேருவதற்குச் சற்று முன்பே இந்த பஸ் கிளம்பிவிடும்படி அட்டவணை போட்ட அறிவாளி இவர்தான். போன மாசியில் மினி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒன்பதாம் வகுப்புப் பெண் பவதாரிணி, கிளம்பிவிட்ட இந்த பஸ்ஸின் தகரத்தைத் தட்டிக்கொண்டே ஓடிவந்து சக்கரத்தில் விழுந்து செத்தாள். அவள் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடினார் அதிகாரி. அட்டவணையை மாற்றவில்லை.

"மினி பஸ் வந்துரட்டும் சார். இல்லேன்னா அந்தப் புள்ள தட்டும்," என்றார் உக்கிரபாண்டி.

அதிகாரி சிரித்தார். எடுக்கச் சொன்னார்.

பஸ் நகர்ந்தது.

தப்.

பின்பக்கத் தகரத்தில் உள்ளங்கை விழும் சத்தம். சாலையில் யாரும் இல்லை. வேகம் கூடக்கூடத் தட்டலும் முன்னேறி வந்தது. முன்பே கேட்டிருந்த பயணிகள் தலை நிமிரவில்லை.

தப். தப்.

அதிகாரியின் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது.

"நிறுத்தச் சொல்லுங்க சார். ஸ்கூல் கேட்டப் பூட்டிருவாங்க."

ஈர மூச்சு காதில் பட்டது. அதிகாரி சீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டார். அவ்வளவுதான் அவர் வீரம்.

உக்கிரபாண்டியின் வேலை தப்பியது. பயந்துபோன அதிகாரி பஸ்ஸைத் தாராளமாக அரை மணி நேரம் தள்ளிப் போட்டார். பள்ளிக்கூடத்தில் எப்போது மணி அடிக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவர் ஆகிவிடுவாரே.

புதிய நேரத்தில் முதல் நாள் பஸ் எந்தச் சத்தமும் இல்லாமல் ஓடியது. உக்கிரபாண்டிக்குக் கண் கலங்கியது. சிம்மக்கல்லில் இறங்கிப் பிள்ளைகள் ஓடினார்கள். பள்ளிக்கூடத்துக் கேட்டை அதற்குள் பூட்டியிருந்தார்கள். மணி அடித்தபின் பெற்ற பிள்ளையையே உள்ளே விடாத தலைமையாசிரியர், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நேரம் தவறாமையைப் பற்றி உபதேசம் செய்தார். பிள்ளைகள் கைகட்டிக் கேட்டார்கள்.

"யாருடா கேட்டத் தட்டுறது?"

கட்டிய கைகள் கட்டியபடியே இருந்தன. இரும்புக் கேட் அதிர்ந்துகொண்டிருந்தது.

பிறகு நின்றது.

தலைமையாசிரியர் பெருமூச்சு விட்டார். அடுத்த தட்டல் அவர் முதுகுக்குப் பின்னால், ஒன்பதாம் வகுப்புக் கதவில் கேட்டது.