பச்சோந்தியைப் பார்க்க வந்த டொக்டர்

"நீங்க இத வளக்கப் பாத்தீங்களா, கொல்லப் பாத்தீங்களா?"

பஹ்மிதாவுக்குச் சுர்ரென்று ஏறியது. ஸலாம் சொல்லி, மழையில் நனைந்த அபாயாவை உதறி, பெட்டியை மேசையில் வைத்து இப்போதுதான் திறந்தாள்... அதற்குள் இப்படி ஒரு கேள்வியா? கல்முனையில் புதிதாகக் கிளினிக் திறந்த மிருக வைத்தியர் றிஸ்மி கெட்டிக்காரன் என்று ஊரே சொல்கிறது. அவன் வாயைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லையே!

பெட்டிக்குள் ஒரு பச்சோந்திக் குஞ்சு. கண்கள் குழிவிழுந்து, உடம்பு கறுத்து, குச்சியைப் பிடிக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

"கொல்லப் பாத்தது நான் இல்ல, டொக்டர். மாவடிப்பள்ளி வயலோரம் பொடியனுகள் கல்லால எறிஞ்சானுகள். ஓணான் எண்டு நெனச்சி... ஓணான அடிச்சிக் கொன்னா நன்மையாம்! இது ஓணானா? நான்தான் பறிச்செடுத்தன்."

"பறிச்செடுத்து?"

"கண்ணாடித் தொட்டியில வெச்சன். கிண்ணத்துல தண்ணி, சோறு, வாழப்பழம்..."

அவன் நெற்றியில் கை வைத்தான். "கிண்ணத்துத் தண்ணி இதுக்குக் கண்ணுல படாது. இலையில நிக்கிற துளியத்தான் நக்கிக் குடிக்கும். கண் குழி உளுந்திரிக்கே, தாகம். சோறு என்னத்துக்கு? உசிரோட பூச்சி வேணும், அதுவும் இதிட தலையவிடச் சின்னதா. கண்ணாடிக்குள்ள காத்துமில்ல, வெயிலுமில்ல. வெயிலும் கல்சியமும் இல்லாட்டி எலும்பு வளைஞ்சிரும். கையில தூக்கிக் கொஞ்சினீங்களா?"

கொஞ்சியிருந்தாள். பொழுதன்றைக்கும்.

"அந்தப் பயத்துலதான் கறுத்துப் போய்க் கிடக்கு."

"தெரியாமத்தானே ஒங்கக்கிட்டக் கொண்டு வந்தன்! கிளினிக்க மருந்து குடுக்கத் திறந்தீங்களா, ஏசுறதுக்குத் திறந்தீங்களா?"

அவன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். அட... ஏசிய வாய்க்கும் அந்தக் கண்களுக்கும் சம்பந்தமே இல்லை. கலங்கிப் போயிருந்தன. "சின்னக் குஞ்சு... தப்புறது கஷ்டம். அந்தக் கவலையில கதைச்சிட்டன்" என்றவன், அதன் வாயோரம் துளித் துளியாகத் தண்ணீர் விட்டான். வெளியே மழை. அவள் இமையிலும் ஒரு துளி. அதை அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"ஒண்டு சொல்லணும். இத வீட்டுல வளக்கச் சட்டம் உடாது. தேறினதும் காட்டுப் பக்கம் உட்டிரணும்."

"நான் ஒண்டும் களவெடுத்து வெச்சிரிக்கல்ல!"

கோபத்திலேயே எல்லாம் செய்தாள். வீட்டு முற்றத்து மாதுளை மரத்தில் குஞ்சை விட்டு, கொசுவுக்குக் கட்டும் நுளம்பு வலையை மரத்தைச் சுற்றிக் கட்டினாள். காலையும் மாலையும் இலைகளில் தண்ணீர் தெளித்தாள். கடற்கரையில் ஒதுங்கிய கணவாய் மீனின் ஓட்டைப் பொறுக்கி, மாவாக இடித்து, வெட்டுக்கிளிக் குஞ்சுகளில் தூவிப் போட்டாள். கை மட்டும் வைக்கவில்லை.

குஞ்சைப் பார்க்க வீட்டுக்கு வந்தவன் அசந்து போனான். "கணவாய் ஓடா? கல்சியத்துக்கா? நான் சொல்லல்லயே!"

"கோவம் வந்தா எனக்கு மூள வேல செய்யும்."

பிறகும் வந்தான். அடிக்கடி வந்தான். ஒருநாள் குஞ்சு நாக்கை வீசி வெட்டுக்கிளியைப் பிடித்தபோது, இருவரும் ஒன்றாக "மாஷா அல்லாஹ்!" என்று கத்திவிட்டார்கள். பச்சை பிடித்துப் பளபளத்தது குஞ்சு. பஹ்மிதாவின் நெஞ்சும் படபடத்தது... இவன் எனக்காகவும் வருகிறானோ?

அன்றுதான் அவள் தாய் ஆயிஷா உம்மா வாசலுக்கு வந்தார். "டொக்டர் தம்பி, இது கலியாணமாகாத குமர் இரிக்கிற வீடு. ஊர் கதைக்குது."

றிஸ்மியின் முகம் வெளிறியது. "பச்சோந்தியப் பாக்கத்தான் வாறன் உம்மா. வேற ஒண்டுமில்ல."

வேற ஒண்டுமில்லயா!

பஹ்மிதாவுக்கு வந்தது அழுகையா, ஆத்திரமா, அவளுக்கே தெரியவில்லை. வேறு ஒன்றுமில்லை என்பவனுக்கு இங்கே என்ன வேலை? மறுநாள் விடிந்ததும் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய், கல்லெறி எட்டாத பற்றைக்காட்டில் குஞ்சை விட்டுவிட்டு வந்தாள். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் கொப்பில் ஏறிப் போய்விட்டது.

அவன் வந்தபோது வலை வெறுமையாகத் தொங்கியது.

"எங்க?"

"உட்டாச்சி. சட்டம் சொன்னீங்களே."

"எனக்கொரு சொல் சொல்லாமயா? இத்தின கிழமையாப் பாத்த நான்..."

"என்னத்துக்குச் சொல்லணும்? பச்சோந்தியப் பாக்கத்தானே வந்தீங்க. வேற ஒண்டுமில்லயே! இனி இந்தப் படலையத் திறக்கிற தேவையும் ஒங்களுக்கு இல்ல."

"பொய்!" அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "நான் சொன்னது பொய். ஒங்கட உம்மாவப் பாத்த பயத்துல சொன்னன். அது தேறின பிறகும் எதுக்கு வந்தன் எண்டு நெனச்சீங்க? நான் வாறதுக்கு இரிந்த ஒரே சாட்டையும் காட்டுல உட்டுட்டு வந்து நிக்கிறீங்களே... இனி என்ன சொல்லி ஒங்களப் பாக்க வாறது?"

கதவுக்குப் பின்னால் உம்மாவின் வளையல் அசைந்தது.

"எனக்கு ஒங்கள விருப்பம், பஹ்மிதா" என்றான், குரல் தணிந்து. "நம்மட வழக்கப்படி மாப்பிள்ளையா இந்த வீட்டுக்கே வந்திடுறன். அதுக்குப் பிறகு சாட்டு ஒண்டும் வேணாமே... நாளைக்கு எங்கட உம்மா வாப்பாவ அனுப்பட்டா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை முறைத்தாள் பஹ்மிதா.

"நாளைக்கா? ஏன், இண்டைக்கு அஸர் தொழுகைக்குப் பொறகு அவங்களுக்கு என்ன வேல?"