ஐந்தாவது ஒயர்

கேமராக்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியில் ஐந்தாவது விளக்கும் எரிந்தது. வீட்டில் இருந்தவை நான்கே கேமராக்கள்.

இலோனா கழுவிக்கொண்டிருந்த தட்டை வைத்தாள். வெளியே பாலைவனச் சுரங்க ஊரான கூபர் பீடியின் உச்சி வெயில் தகரத்தையே வளைத்துவிடும். பாறையைக் குடைந்த இந்த வீட்டுக்குள்ளோ எந்நேரமும் ஒரே குளிர்ச்சி, ஒரே இருட்டு, காய்ந்த மண்ணின் வாசனை, தன் மூச்சே சுவரில் மோதித் தன்னிடம் திரும்புகிற அமைதி. கடைசி அறையில் மகள் மரிஷ்கா தூங்கிக்கொண்டிருந்தாள். கணவன் டிபோர், தான் தோண்டியெடுத்த ஓப்பல் ரத்தினக் கற்களை விற்க அடிலெய்டு போயிருந்தான். அவன் இல்லாதபோது குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் கேமராவே வாங்கினாள்.

பாறைக்குள் வைஃபை போகாது, படத்தையும் கரண்டையும் ஒரே ஒயரில் அனுப்பும் பெட்டிதான் சரி என்று கடைக்காரன் கோஸ்டா சொன்னான். ஒயர் செருக நான்கு துளை போதும் என்றான். இலோனாதான் எட்டு கேட்டாள். மரிஷ்கா அறைக்குப் பின்னால் நாளைக்கே இன்னோர் அறை தோண்டலாமே. டிபோர் குழந்தையின் தலைமாட்டுச் சுவரில் துளை போட்டு, ஐந்தாவது ஒயரைப் பாறைக்குள் நுழைத்து, நுனியில் எதையும் மாட்டாமல் விட்டிருந்தான்.

கோஸ்டாவுக்குப் போன் போட்டாள்.

"ஒயர் சும்மாதான் கெடக்கு கோஸ்டா. லைட்டு எரியுது."

"எரியாதும்மா. அந்தப் பக்கம் ஏதாவது மாட்டியிருந்து, அது கேட்டாத்தான் பெட்டி கரண்டே குடுக்கும்."

"அப்ப யாரு கேக்குறா?"

"உம் புருஷன் தோண்டாம விட்ட ஓப்பலா இருக்கும்!" சிரித்தான். "எத்தனை வாட் இழுக்குது, பெட்டியில பாரு."

"நாலு. இல்ல, ஒன்பது... கோஸ்டா, ஏறிக்கிட்டே போகுது."

சிரிப்பு நின்றது.

கேமராப் படங்கள் ஓடும் டிவியில் வாசல் படம் அணைந்தது. பெட்டியிடம் இருந்த கரண்டையெல்லாம் அந்த ஒயரே குடித்துக்கொண்டிருந்தது. கொட்டகை அணைந்தது. நடைவழி அணைந்தது. மரிஷ்காவின் கட்டில் மட்டும் மிச்சம். அதுவும் அணைந்தது.

"அந்த ஒயரப் பிடுங்கு!" என்றான் கோஸ்டா.

பிடுங்கினாள். விளக்கு அணைந்தது.

டிவியில் ஐந்தாவது படம் திறந்தது.

தலையணைக்குப் பின்னாலிருந்து, சுவருக்குள்ளிருந்து பார்க்கும் படம். மரிஷ்காவின் கலைந்த முடி. அவள் மேல் குனியும் ஒரு பெண். நீல ஏப்ரன். ஈரக் கைகள்.

இலோனா தன் ஏப்ரனைப் பார்த்தாள். அதே நீலம். கைகளைப் பார்த்தாள். ஈரம்.

குழந்தை கண் திறக்காமலே அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

ஓடினாள்.

கட்டில் காலி. தலையணையில் இன்னும் சூடு. சுவரில் ஒயர் நுழைந்த விரலளவுத் துளை. வேறு கீறல் இல்லை.

துளையில் காதை வைத்தாள். பாறைக்குள் யாரோ நடக்கும் சத்தம்.

"அம்மா, இருட்டா இருக்கு. எறக்கி விடும்மா."

"இன்னும் கொஞ்சந்தான் கண்ணு." இலோனாவின் குரலேதான்.

"மரிஷ்கா!" கத்தினாள். நகம் பிய்யப் பிய்யச் சுவரைப் பிறாண்டினாள். "மரிஷ்கா! அம்மா இங்க இருக்கேன்டி!"

நடை நின்றது.

"யாரும்மா அது?"

"யாருமில்ல கண்ணு. தூங்கு."

நடை தொடர்ந்தது. கீழே. இன்னும் கீழே.