பக்கத்துத் தலையணை

புருவத்துப் பொருக்கு உதிரத் தொடங்கிய அன்று காலை அவள் முதலில் தன் தலையணையைத்தான் பார்த்தாள். வெள்ளை உறை, ராத்திரி முழுக்க மல்லாந்தே படுத்ததில் பின்னந்தலை அமுக்கிய குழி, அவ்வளவுதான். ஒரு துளிப் பொருக்கு இல்லை. பிறகு பக்கத்துத் தலையணையைப் பார்த்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன புருஷன் விட்டுப்போன ஒரே சொத்து அது. யாரும் அதில் தலை வைத்துப் பல மாதம் ஆகிறது. அதன் நடுவில் மயிரிழை போன்ற பழுப்புப் பொருக்குகள் நாலைந்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகச் சாய்த்து அடுக்கியதுபோல் கிடந்தன.

மின்விசிறியின் வேலை என்று சொல்லிக்கொண்டு தட்டிவிட்டாள். மின்விசிறிக்கு அவ்வளவு பொறுமை ஏது என்றும் தோன்றியது. அந்த நினைப்பையும் சேர்த்துத் தட்டிவிட்டாள்.

காய்ச்சலில் கொட்டிய தலைமுடி திரும்பி வந்துவிட்டது, புருவம் மட்டும் வரவில்லை. அலுவலக வரவேற்பு மேஜையில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தவளை மேலாளர் ரொம்ப மரியாதையாகக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் உள்ளே கோப்பு அறையில் வேலை பாருங்களேன், வருகிறவர்கள் முகத்தைப் பார்த்து மிரளுகிறார்கள் என்றார். அவள் அழவில்லை, கொதித்தாள். மைக்ரோபிளேடிங் செய்யும் பெண்ணைத் தேடிப் போனாள். அந்தப் பெண்ணுக்கு இவள் வைத்த பெயர் புருவக்காரி. புருவக்காரி நூல் பிடித்து வளைவை அளந்து, மெல்லிய பிளேடால் தோலில் ஒவ்வொரு மயிராகக் கீறி நிறம் ஏற்றினாள். பென்சிலால் வரைந்துகொண்டால் போதாதா என்று போனில் அலுத்துக்கொண்ட அக்காவிடம், அழிகிற புருவம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வருகிற திங்கட்கிழமை அதே மேஜையில், தன் முகத்தோடு உட்கார வேண்டும். உலகத்திடம் அவளுக்கு வேறு கோரிக்கை இல்லை.

தண்ணீர் படக்கூடாது, வியர்க்கக்கூடாது, குப்புறப் படுக்கக்கூடாது, எவ்வளவு அரித்தாலும் நகம் படக்கூடாது, பஞ்சுக்குச்சியால் களிம்பை மெலிதாகத் தொட்டு வைக்க வேண்டும். பிடிவாதக்காரிக்கு விதிகள் சுலபம். ஒன்றுவிடாமல் செய்தாள். ஆனாலும் மறுநாள் காலை பக்கத்துத் தலையணையில் இடது புருவம் பாதி முடிந்திருந்தது. புருவக்காரி நூல் பிடித்த அதே வளைவு. கண்ணாடியில் அவளுடைய இடது புருவம் சரியாக அந்தப் பாதி வரை வெளுத்திருந்தது.

புருவக்காரிக்குப் போன் செய்தாள். பொருக்கு போனதும் நிறம் போனதுபோல் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

“அது அப்படித்தாங்க. எல்லாருக்கும் நடுவுல காணாம போன மாதிரிதான் இருக்கும். நிறம் உள்ள போயிருக்கு, கொஞ்ச நாள்ல தானா மேல வரும்.”

“எங்க மேல வரும்?”

புருவக்காரி சிரித்தாள். “உங்க முகத்துலதாங்க. வேற எங்க?”

உறையைக் கழற்றி, தேய்த்துத் துவைத்து, வெயிலில் போட்டாள். உறைக்குள்ளிருந்த பஞ்சுத் துணியிலும் அந்தப் பாதிப் புருவம் இருந்தது. தலையணையையே தெருமுனைக் குப்பைத்தொட்டியில் திணித்துவிட்டு, கடைக்குப் போய்விட்டு வந்தாள். படுக்கையறையைத் திறந்தபோது களிம்பு வாசனை குப்பென்று அடித்தது. குப்பையில் போட்ட தலையணை கட்டிலில் தன் இடத்தில் கிடந்தது, நடுவில் ஒரு குழியோடு, தொட்டால் வெதுவெதுப்பாக. இப்போது வலது புருவமும் தொடங்கியிருந்தது. அறையில் வேறு சத்தமே இல்லாததால் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது: பஞ்சு மெல்ல அமுங்குகிறது, எழுகிறது, மறுபடி அமுங்குகிறது.

அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

போனில் குரலை வைத்தே ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்த அக்கா, வீட்டைப் பூட்டிவிட்டுத் தன் வீட்டுக்கு வரச் சொன்னாள்.

“என் வீடு. என் கட்டில். போறதுன்னா அது போகட்டும்க்கா.”

“எதுடி?”

அவள் போனை வைத்துவிட்டாள். அன்றும் அதே கட்டிலில், அதன் பக்கத்தில், மல்லாந்து படுத்தாள்.

திங்கட்கிழமை காலை இஸ்திரி போட்ட உடையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். கண்ணுக்கு மேலே வெறும் தோல், கீறிய தடம்கூட இல்லை. கட்டிலில் இரண்டு புருவங்களும் கருகருவென்று முழுசாக இருந்தன. அவற்றுக்குக் கீழே உறையில் இரண்டு சின்ன மடிப்புகள். மூடிய இமைகள்.

“என்னோடது. குடு,” என்றாள்.

முழங்காலை ஊன்றினாள். குனிந்தாள். புருவத்தின் மேல் புருவம் படிய முகத்தைப் பஞ்சுக்குள் அழுத்தினாள். முதலில் குளிர்ச்சி. பிறகு பிளேடு. ஒவ்வொரு கீறலாக, ஒவ்வொரு மயிராக. வலித்தது. வலிக்கட்டும். இன்னும் அழுத்தினாள். வந்துகொண்டிருந்தது. தோலில் வந்து ஏறுவது தெரிந்தது. பஞ்சுக்குள்ளேயே சிரித்தாள்.

கடைசிக் கீறல். நின்றது.

தலை எழுந்தது.

அவள் எழவில்லை.

மேலே மின்விசிறி. மின்விசிறியை மறைத்துக்கொண்டு ஒரு முகம். அவள் முகம். புருவம் இரண்டும் கச்சிதம். அவற்றின் கீழே இருந்த கண்கள் அவளுடையவை அல்ல.

அது குனிந்து உறையின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டது. கைப்பையை எடுத்தது. கண்ணாடியில் ஒரு புருவத்தை மட்டும் தூக்கிப் பார்த்து, திருப்தியாகி, வெளியே போனது. பூட்டும் சத்தம். படியில் அவளுடைய செருப்பு.

கத்த வாய் இல்லை. எழக் கை இல்லை. சாயங்காலம் அது இந்தக் கட்டிலுக்குத்தான் வரும். பக்கத்தில்தான் படுக்கும். வரட்டும்.

வெள்ளை உறையின் நடுவே இரண்டு கண்கள் இமைக்காமல் கதவைப் பார்த்தபடி திறந்திருந்தன.