கூகைக் குகையின் வலது பொந்து

"முதல்ல படம். அப்புறம்தான் கயிறு!"

வச்சிரவேல் கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தார். அவர் காலடியில் இருந்த பள்ளத்துக்குள் கால் முறிந்து கிடந்தான் இருதயராஜ். வெளியே கொட்டிய மழை குகைக்குள் பாய்ந்து பள்ளத்தை நிரப்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் அவன் மார்பைத் தொட்டுவிட்டது.

"சார், அண்ணன் முங்கிருவான்!" என்று அலறினாள் செலின்.

"அப்ப சட்டுனு எடு, போட்டோக்காரி. புதையல் இடது பொந்துலயா, வலது பொந்துலயா? அடையாளம் அந்தச் செவுத்துலதான் இருக்கு."

செலின் கேமராவின் தலையில் இருந்த சின்ன ஃபிளாஷை நேராகவே அடித்தாள். பளீர்! ஈரச் சுவர் கண்ணாடியாகப் பளபளத்ததே தவிர, படத்தில் ஒன்றுமில்லை.

"பாப்பா... கழுத்துக்கு வந்திருச்சு!" பள்ளத்திலிருந்து குரல் நடுங்கியது.

ஃபிளாஷைக் கழற்றினாள். அதைக் கேமராவோடு இணைக்கும் சுருள் ஒயரை இழுத்து, பலத்தைக் கால் பங்குக்குக் குறைத்து, வலது பொந்தின் ஓரமாகச் சுவரை ஒட்டிப் பிடித்து அடித்தாள். திரையைப் பார்த்தாள். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு கீறலுக்கும் நிழல் விழுந்திருந்தது. பொந்தின் மேல், தலைகீழாக விழும் ஒரு மனிதனின் செதுக்கல்!

"என்ன தெரியுது?"

"கை ஆடிருச்சு சார். இன்னொண்ணு எடுக்கிறேன்."

ஃபிளாஷ் மறுபடி தயாராக எட்டு வினாடி ஆனது. அதற்குள் அவள் முடிவெடுத்துவிட்டாள். ஃபிளாஷைக் கூரை நோக்கித் திருப்பி, முழுப் பலத்தில் அடித்தாள். கூரையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் சுவரெங்கும் சமமாகப் பரவியது. பளபளப்பு போனது, நிழல் போனது, செதுக்கிய மனிதனும் போனான். யாரோ பிற்காலத்தில் காவியில் தீட்டிய குடம் மட்டும் அதே பொந்தின் மேல் செக்கச்செவேலென்று தெரிந்தது.

"குடம்! வலதுதான்!" வச்சிரவேல் துள்ளினார்.

"கயிறு, சார்!"

"உங்க அண்ணன் எங்க ஓடிரப் போறான்?"

கயிற்றின் ஒரு முனையைப் பாறையில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு பொந்துக்குள் நுழைந்தார். பத்தடிதான். வீறிட்ட குரலோடு சரிந்தார்!

எட்டிப் பார்த்தாள். கீழே ஒரு மேட்டில் தொற்றிக்கொண்டிருந்தார்.

"இழு! சீக்கிரம் இழு!"

"இடுப்புல இருந்தா கனம் தூக்காது சார். அவுத்து அக்குள்ல கட்டுங்க."

அவர் அவிழ்த்தார். அந்தக் கணத்தில் ஒரே இழுப்பு! கயிறு முழுதும் அவள் கைக்கு வந்தது. பின்னால் கேட்ட வசவுகளுக்கும் கெஞ்சலுக்கும் அவள் திரும்பவேயில்லை. மூக்குக்குக் கீழே தண்ணீர் நின்ற அண்ணனை, உள்ளங்கைத் தோல் உரிய உரிய இழுத்துக் கரை சேர்த்தாள்.

மறுநாள் மதியம்தான் வனத்துறை ஆட்கள் வச்சிரவேலை உயிரோடு மேலே கொண்டுவந்தார்கள். இடது பொந்தில் பதினோரு வெண்கல விளக்குகள் கிடைத்தன. ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி அவர் செலின் மறைத்த படத்தைப் பார்த்தார். பக்க வெளிச்சத்தில் எடுத்த அந்தப் படத்தை.

"இத ஏன்டி அப்பவே காட்டல?"

"நீங்க ஏன் சார் கயிறு போடல?"

அன்று முதல் யார் எந்தப் படத்தைக் காட்டினாலும், தங்கையே காட்டினாலும், "வெளிச்சத்த எங்க புடிச்சு எடுத்த?" என்று கேட்காமல் இருதயராஜ் நம்புவதில்லை.